மூன்றாம் பாத்தி

“முப்பது நாளும் நீதானே கேட்டைத் திறந்துவிட்ட! இப்ப வாயைத் திற. என்னத்தை நட்டு வெச்சிருக்க இங்க?”

மூலிகைத் தோட்டத்து வாசலில் அவன் போட்ட சத்தத்தில் தோட்டக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்றுவரை ‘அக்கா, அக்கா’ என்று குழைந்தவன். அவன் நகங்களில் பச்சை அப்பியிருந்தது, சட்டைக் காலரில்கூட இரண்டு பொட்டு. ஒரு மாதமாக இலை பறித்த கையாயிற்றே என்று திட்டு வாங்கும்போதும் அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

அவன் பெண்டாட்டிக்கு மஞ்சள் காமாலை. பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வைத்தியர்தான் ‘கீழாநெல்லி, வெறும் வயிற்றில், ஒரு மாதம்’ என்று சீட்டு எழுதித் தோட்டத்துக்கு அனுப்பினார். இன்று காலை அவளுக்குக் கட்டின புருஷனையே அடையாளம் தெரியவில்லை.

சத்தம் கேட்டு வைத்தியர் வந்தார். “எதுலப்பா பறிச்ச?”

“மூணாவது பாத்தி. போர்டுலதான் கொட்டை எழுத்துல இருக்கே, கீழாநெல்லின்னு!”

வைத்தியர் குனிந்து ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டார். அவர் முகம் செத்துவிட்டது.

“ஐயோ, இது நிலவேம்புப்பா.”

“பார்த்தீங்களா! மாத்தி நட்டுட்டா. எழுதப் படிக்கத் தெரியாதவளை எல்லாம் வேலைக்கு வெச்சா இப்படித்தான். ஒரு உயிருங்க! இவளை நான் சும்மா விடமாட்டேன்.”

தோட்டக்காரி எழுத்துத் தெரியாதவள்தான். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் மோந்து பார்த்தே செடியின் பெயரைச் சொல்லிவிடுவாள்.

“ஐயா, மூணாவதுல என்னைக்குமே நிலவேம்புதான். கீழாநெல்லி அஞ்சாவதுல இருக்கு, வந்து பாருங்க. இந்தத் தம்பிக்கு என்ன வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்? சீட்டு இருந்தா கேட்டைத் திற, நோய்நொடி விசாரிக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

வைத்தியர் ஐந்தாவது பாத்திக்குப் போனார். செடி கீழாநெல்லிதான். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அழகாக, ‘நிலவேம்பு’ என்றது.

“செடி மாறலை, போர்டுதான் மாறியிருக்கு. நீ மக பிரசவத்துக்கு லீவுல போனியே, அப்ப ஆபீஸ்ல யாரோ ஒரு பெயிண்டரைக் கூட்டிட்டு வந்து போர்டையெல்லாம் பிடுங்கிப் புதுசா எழுதவெச்சாங்க. திரும்ப நடறப்போ மாத்தி நட்டுட்டுப் போயிருக்கான்.”

அவன் பாத்தி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“இப்பவாச்சும் சரியானதைக் குடுத்தா பிழைச்சுக்குவாளாய்யா?” என்றாள் தோட்டக்காரி.

வைத்தியர் தலையை ஆட்டினார். “காலம் கடந்துபோச்சும்மா.”

பழி நீங்கிய நிம்மதி ஒரு நொடிகூட நிற்கவில்லை. தினம் தினம் தன் கையால் கேட்டைத் திறந்துவிட்டதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. அவன் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டாள்.

“நட்டவனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? அவனுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இல்லையா? எந்தப் பாவி தம்பி அவன்?”

“நான்தான்க்கா.”