மஞ்சளைக் குறைங்க

"என்னய்யா பிரிண்ட் இது? மூஞ்சி மட்டுமில்ல, கண்ணு முழிகூட மஞ்சளா இருக்கு!" போட்டோவை மேஜைமேல் விட்டெறிந்தார் வாடிக்கையாளர்.

ஸ்டுடியோக்காரருக்குச் சுருக்கென்றது. வேறு எதில் குறை சொன்னாலும் பொறுத்துக்கொள்வார், கலரில் சொன்னால் தாங்கமாட்டார்.

"சார், மானிட்டர்ல என்ன கலரோ அதேதான் பிரிண்ட்லயும் வரும். காலையிலதான் மெஷின் வச்சு செக் பண்ணேன்."

"அப்போ உங்க மானிட்டரே கோளாறு!"

கலர் அளக்கும் கருவியைத் திரையில் வைத்து மறுபடியும் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. போதாதென்று, அதே பேப்பரில் ஒரு குழந்தையின் படத்தையும் பிரிண்ட் போட்டுக் காட்டினார். சட்டை பளிச்சென்று வெள்ளை, கண்ணும் வெள்ளை.

"ஊரான் பிள்ளைக்கு நல்லா வருது, எனக்கு மட்டும் வராதா? தினம் கண்ணாடியில பாக்குற மூஞ்சி, எனக்குத் தெரியாதா?"

ஸ்டுடியோக்காரர் திரையைப் பார்த்தார். எதிரே நின்ற முகத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே மஞ்சள். கருவியைத் திரையில் வைக்கலாம், வாடிக்கையாளர் நெற்றியில் வைக்க முடியுமா? நமக்கெதுக்கு வம்பு என்று மஞ்சளை மளமளவெனக் குறைத்தார். கண் வெளுத்தது, கன்னம் சிவந்தது.

"ஆங்! இதுதான்யா நான்! இதையே பெருசாக்கி, வாசல்ல மாட்டுற மாதிரி போர்டு போட்டுடுங்க."

"கீழ என்ன சார் எழுதணும்?"

வாடிக்கையாளர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"'மஞ்சள் காமாலை டாக்டர். கண்ணைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவார்'னு கொட்டை எழுத்துல போடுங்க!"