விதவை செலினா

“பொய்க்காரி! அரசாங்கத்துக்கே பொய் எழுதிக் கொடுத்திருக்கா!”

மேவிஸ் போட்ட சத்தத்தில் மான்செஸ்டர் நூலகத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“மெதுவா, அக்கா. வெளியே அனுப்பிடப் போறாங்க” என்றார் தம்பி கிளிஃப்.

இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அம்மா எல்சியைப் பெற்றவள், பர்ன்லி ஆலையில் தறி ஓட்டிய செலினா என்றுதான் கேட்டு வளர்ந்தவர்கள். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவளைப் பார்த்துவிடலாம் என்று ரயிலேறி வந்திருந்தார்கள்.

1911-ஆம் வருஷப் படிவத்தில், ‘செலினா, விதவை, நெசவு’ என்று அவளே கைப்பட எழுதியிருந்தாள். கூட இரண்டு பையன்கள்.

“அப்போ ரெண்டு வயசு எல்சி எங்கடா?” என்று தேடப்போய்த்தான் வினை வந்தது.

எல்சி அடுத்த தெருவில் இருந்தாள். அந்த வீட்டுத் தலைவன் சேத், சுரங்கத் தொழிலாளி. பத்து வருஷத்துக்கு முந்தைய கணக்கில் செலினாவின் புருஷனாக இருந்த அதே சேத்! இப்போது மனைவி என்ற இடத்தில் நெல்லி என்று ஒருத்தி. மகள், எல்சி.

மேவிஸ் கணினித் திரையை விரலால் தட்டினார்.

“நம்ம அம்மா இந்த நெல்லி பெத்த பொண்ணா? செலினா நமக்கு யாருமே இல்லையா? ஈஸ்டருக்கு ஈஸ்டர் அவ கல்லறையில பூ வச்சேனேடா!”

“வச்சா என்ன, வேண்டாம்னா சொன்னா?”

“சிரிக்காதே. புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கான், இவ விதவையாம்! விட்டுட்டுப் போயிட்டான்னு சொல்ல வெட்கம்.”

“அடுத்த தெருவுல குடியிருந்தா ஊருக்குத் தெரியாதா, அக்கா? புருஷன் இருக்கான்னு எழுதியிருந்தா, ரெண்டு பொண்டாட்டி கேஸ்ல அவன் உள்ளே போயிருப்பான். நெல்லியும் குழந்தையும் பிச்சைக்காரர் விடுதிக்குத்தான்.”

“அடேயப்பா! அவ்வளவு நல்லவளா அவ? கிளம்பு, போகலாம்.”

மேவிஸ் கோட்டை எடுத்து மாட்ட ஆரம்பித்தார்.

“1921-ஐயும் பார்த்துடுவோம். ரயிலுக்கு நேரம் இருக்கு.”

பக்கம் திறந்தது. அதே செலினா, அதே வீடு, அதே கோணல் கையெழுத்து. பையன்களுக்குக் கீழே, எல்சி, வயது பன்னிரண்டு.

பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்ற கட்டத்தில், ‘இருவரும் இல்லை.’

மேவிஸ் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றார்.

“உறவுங்கிற இடத்துல என்னடா போட்டிருக்கா? எனக்குக் கண்ணு தெரியல.”

கிளிஃப் அந்த வரியைப் பெரிதாக்கினார்.

‘வளர்ப்பு மகள்’ என்று எழுதி, ‘வளர்ப்பு’ என்ற சொல்லை மட்டும் அழுத்திக் கோடிழுத்து அடித்திருந்தாள் செலினா.