பாத்து மட்டும் சொல்லுங்க

“பாத்து மட்டும் சொல்லுங்க சார். வேற எதுவும் பண்ண வேணாம்.”

செந்தமிழனுக்குச் சுர்ரென்று ஏறியது. விருத்தாசலம் பாலக்கரையில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துகொடுக்கும் கடை அவருடையது. ஜூலை மாதக் கடைசி. வாசல் வரைக்கும் ஆட்கள். இந்த நெரிசலில் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து, புருஷனின் ரீஃபண்டு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டு மட்டும் போகிற ஒரே ஆள் துர்காதான். அதுவும் சனிக்கிழமை தவறாமல்.

“ஏம்மா, போன வாரம் பாத்துட்டு என்ன சொன்னேன்?”

“பணம் திரும்பிப் போயிடுச்சுன்னு சொன்னீங்க.”

“அதேதான் இந்த வாரமும் இருக்கும். கவர்மெண்டு அனுப்புது, பேங்க்கு வாங்க மாட்டேங்குது. உங்க வூட்டுக்காரரு அக்கவுண்டு முடங்கிக் கெடக்குது. ஒரு தடவ அவரக் கூட்டிக்கிட்டு வாங்க. வேற அக்கவுண்டப் போட்டு, அவரு ஆதாருக்கு வர்ற ஓடிபிய அடிச்சா அஞ்சு நிமிஷ வேல.”

“அவரு வெளியூர்ல இருக்காருங்க.”

“வெளியூர்ல போன் இல்லியா? ஓடிபி வந்ததும் நம்பரச் சொல்லச் சொல்லுங்க.”

“பழைய நம்பரு இப்ப இல்லீங்க.”

“புள்ளைக்கு ஸ்கூலு ஃபீஸு கட்டணும்னு சொல்லியாவது ஒருநாள் வரச் சொல்லுங்களேம்மா.”

“வரச் சொல்லிக்கிட்டுதாங்க இருக்கேன்” என்றாள் துர்கா மெதுவாக.

எது கேட்டாலும் இப்படி ஒரு பதில் வைத்திருப்பாள். புருஷன் பழமலைநாதன் ஒரு செராமிக் கம்பெனியில் பேக்கிங் கான்ட்ராக்ட் எடுத்திருந்தவர். கம்பெனி பிடித்த வரியில் அவருக்குத் திரும்பி வரவேண்டியது பதினெட்டாயிரத்துச் சொச்சம். அதை வாங்க இவள் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடமாட்டாள். ஆனால் வாராவாரம் பார்த்தாக வேண்டும். பார்த்ததற்கு முப்பது ரூபாயும் மேசையில் வைத்துவிடுவாள்.

“புருஷனுக்குத் தெரியாம நாமளே அமுக்கிடலாம்னு பாக்குது போல” என்றார் வரிசையில் நின்ற ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள். செந்தமிழனும் சேர்ந்து சிரித்தார்.

துர்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு, “பாருங்க சார்” என்றாள்.

வேண்டாவெறுப்பாகப் பான் நம்பரையும் அவள் சொன்ன பாஸ்வேர்டையும் தட்டினார். பக்கம் திறந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“என்னம்மா இது? ரீஃபண்டு பணத்த மறுபடியும் அனுப்பச் சொல்லிக் கேட்டுருக்குது. செவ்வாக்கெழம.”

துர்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். “யாரு கேட்டுருக்காங்க?”

“அதாம்மா எனக்கும் புரியல. புதுசா ஒரு அக்கவுண்டு சேத்துருக்குது. திருப்பூரு பிராஞ்சு. அங்க உங்களுக்கு யாராச்சும் இருக்காங்களா?”

“ஒருத்தரும் இல்லீங்க.” அவள் திரையை எட்டிப் பார்த்தாள். “சார், அவரு பேரச் சொல்லி வேற யாராச்சும் ஏமாத்தி இதப் பண்ணியிருக்கலாமா?”

செந்தமிழன் திரையை இன்னும் கொஞ்சம் உருட்டிப் பார்த்தார்.

“கஷ்டம்மா. அக்கவுண்டு அவரு பேர்லயே, அவரு பான் நம்பர்லயே இருந்தாத்தான் சேரும். ஓடிபியும் வேணும். பழைய நம்பருதான் இல்லன்னு சொல்றீங்களே, அப்ப ஆதார்ல புது நம்பர ஏத்தியிருக்கணும்.”

“அத யாரு வேணா ஏத்திக்கலாமா?”

“அது எப்படி முடியும்? ஆளு நேர்ல போயி கைரேக வெக்கணும்.”

“அவரு கைரேகதான வெக்கணும்?”

“பின்ன, என் கைரேகயவா வெப்பாங்க?”

சொல்லி முடித்த பிறகுதான் செந்தமிழனுக்கு உறைத்தது. பொண்டாட்டிக்குத் தெரியாமல் வேறு ஊரில் புதுக் கணக்கு, புது போன் நம்பர். அங்கே யாரோடு குடித்தனம் நடத்துகிறானோ! ஒரு குடும்பத்தை வாய்க்கொழுப்பில் தானே உடைத்துவிட்டோமே என்று அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

துர்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் அழுகை அடங்கவில்லை; தோள் குலுங்கியது. சற்று முன்பு சிரித்தவர்கள் செல்போனைப் பார்ப்பது போலத் தலையைக் குனித்துக்கொண்டார்கள்.

“அழாதம்மா” என்றார் செந்தமிழன். “பணம் இன்னும் ஏறல. இந்த மாதிரி ஆளயெல்லாம் சும்மா வுடக்கூடாது. நானே ஒரு கம்ப்ளெய்ன்ட்டு எழுதித் தரேன், ஸ்டேஷன்ல கொண்டுபோயிக் குடுங்க.”

துர்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது, அந்த முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பு இருந்தது.

“ஆளக் காணும்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கம்ப்ளெய்ன்ட்டு குடுத்துட்டேன் சார். அதுலேர்ந்து எங்க அனாதப் பொணம் கெடந்தாலும் என்னத்தான் வந்து அடையாளம் பாக்கச் சொல்லுவாங்க. இனிமே நான் போவ வேணாம்.”