கம்பத்தை இறக்கியது யார்?

"யாரைக் கேட்டுங்க கம்பத்தை எறக்குனீங்க?"

காரை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக அப்துல் குத்தூஸ் கத்தினார். நேற்றுவரை மோட்டார் ரூம் மேல் நிமிர்ந்து நின்ற இரும்புக் கம்பம், இப்போது தென்னை மரத்தடியில் நீட்டிப் படுத்துக் கிடந்தது. அதன் உச்சியில் இருந்த மெஷ் பெட்டிக்கு மழை படாமல் பாலிதீன் கவர் வேறு. அந்த அக்கறையைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"வாங்க பாய். மொதல்ல தண்ணி குடிங்க" என்றார் தோட்டத்துக்குச் சொந்தக்காரரான பாலுசாமி.

"உங்க தண்ணி எனக்கு வேண்டாமுங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நீங்க சொல்லித்தானுங்களே எறக்குனேன்! நேத்து சாயந்திரம் ரேடியோல சொன்னீங்களே?"

குத்தூஸ் அவரை முறைத்தார். பொய்யிலும் இப்படி ஒரு பச்சைப் பொய்யா!

கோட்டைமேட்டில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவருக்கு, லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேசும் ஹாம் ரேடியோதான் உயிர். பாலுசாமிக்கும் அப்படித்தான். இந்த ஆனைமலைப் பக்கம் மழை பிடித்தால் கரண்ட் போகும், பின்னாலேயே செல்போன் டவரும் செத்துவிடும். மலைமேல் இருக்கும் ஜனங்கள் ஆபத்து என்றால் யாரையும் கூப்பிட முடியாது. அதற்காகத்தான் பெட்டிக்குப் பெட்டி செய்தியைக் கைமாற்றிவிடும் மெஷ் நெட்வொர்க் ஒன்றை, மலையிலிருந்து நகரத்துச் சரவணம்பட்டி வரைக்கும் ஹாம் நண்பர்கள் சேர்ந்து அமைத்தார்கள். வருடக்கணக்கில் உழைப்பு. கிணத்துக்கடவில் கடைசிப் பெட்டியை இன்று காலை மாட்டிவிட்டு, தாலுகா அதிகாரி முன்னால் சோதனை நடத்தினார்கள். மலையிலிருந்து கிளம்பிய செய்தி சரவணம்பட்டிக்குப் போய்ச் சேரவே இல்லை. நடுவில் இந்தக் கம்பம் நின்றால்தானே!

"சாயந்திரம் வரைக்கும் ஆனைமலையிலதான் இருப்பேன். அதுக்குள்ள வேலை செஞ்சா சொல்லுங்க, இல்லேன்னா விட்டுருங்க" என்று அதிகாரி பெரிய மனசு பண்ணினார். கூட வந்தவர்கள் சிரித்த சிரிப்பு குத்தூஸின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

"எறக்குங்கன்னு நான் சொன்னேனா? நானா?"

"ஆமாங்க."

"அல்லா அறிய நான் சொல்லலீங்க! உங்க மச்சானுக்கு மொதல்லருந்தே இந்தக் கம்பம் ஆகாது. தென்னைக்கு இடி எறங்கீரும்னு பொலம்பிட்டே இருந்தாரு. அவரு பேச்சைக் கேட்டு எறக்கிப்போட்டு, பழியை எம்மேல போடறீங்க!"

பாலுசாமியின் முகம் கறுத்தது. "மச்சான் பேச்செல்லாம் நான் கேக்கறதில்லீங்க. நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்காகக் கொட்டற மழையில ஒத்தையாளா நனஞ்சுட்டு எறக்குனேன். சண்டையை அப்பறம் வெச்சுக்கலாமுங்க பாய். ஆளுக்கொரு கை புடிச்சா இப்பவே நிறுத்திப்போடலாம்."

"வேண்டாமுங்க. நம்பிக்கை இல்லாத எடத்துல என் பெட்டி நிக்காது."

குத்தூஸ் காரிலிருந்து ஸ்பேனரை எடுத்துவந்து பெட்டியின் போல்ட்டைத் திருக ஆரம்பித்தார். கோபத்தில் கழற்றுவதற்குப் பதிலாக இறுக்கிக்கொண்டிருந்தார். "இத்தனை வருசப் பழக்கம். தெரியாம செஞ்சுபோட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன். பொய் சொல்றீங்களே, அதைத்தான் தாங்க முடியலீங்க."

"பொய்யா? நான் பொய் சொல்றனுங்களா?" இப்போது பாலுசாமியின் குரலும் ஏறியது.

காரை ஓட்டிவந்த மகள் சஃபியா குறுக்கே புகுந்தாள். அவளும் லைசென்ஸ் வாங்கிய ஹாம்தான். "மாமா, நேத்து இடிச் சத்தத்துல குரல் எடுபடலன்னு ரெண்டு பேரும் டைப் அடிச்சுத்தானே பேசுனீங்க? அது உங்க லேப்டாப்புல இருக்குமே. கொண்டாங்க, பாத்துரலாம்."

பாலுசாமி விறுவிறுவென்று உள்ளே போய் லேப்டாப்பைக் கொண்டுவந்து கார் பானட் மேல் வைத்தார். திரையில் குத்தூஸின் ரேடியோ அடையாளமான கால்சைன். அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு தமிழ் வார்த்தை: ERAKKALAMUNGA.

"நல்லாப் படிங்க பாய். எறக்கலாமுங்க! இது நீங்க அனுப்புனதுதானுங்களே?"

குத்தூஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். இன்னொரு தரமும் பார்த்தார். "நான் இப்படி அனுப்பலீங்க. மின்னலைப் பாத்துப் பயந்துபோயி, எறக்கலாமுங்களான்னு உங்களைக் கேட்டுத்தானே அனுப்புனேன்! பதிலே வரல. சரி, வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

சஃபியா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அத்தா, அது டைப் அடிச்சு அனுப்ப நேத்துத்தான் உங்களுக்குப் போட்டுக் குடுத்த புது மோடு. அதுல ஒரு தடவைக்குப் பதிமூணு இங்கிலீஷ் எழுத்துதான் போகும், மிச்சத்தை அதுவே வெட்டிரும். எறக்கலாமான்னு கேட்டிருந்தா முழுசாப் போயிருக்கும். நீங்க நடுவுல 'ங்க' போட்டீங்க, கடைசி 'ளா' நம்ம ஊட்டுலயே நின்னுபோச்சு."

குத்தூஸ் கையிலிருந்த ஸ்பேனரைக் காருக்குள் போட்டார். பாலுசாமி போய்க் கம்பத்தின் ஒரு முனையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"அந்த முனையைப் புடிங்க பாய். அடுத்த தடவை மரியாதையே வேண்டாமுங்க, 'எறக்கலாமாடா'ன்னு கேட்டுப்போடுங்க!"