நாற்பத்திரண்டாம் சுற்று

பாறசாலை தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா என்று எல்லைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடம். ஊருக்குக் கிழக்கே புதிதாகப் போட்ட தடத்தில் பன்னிரண்டு மணி நேரக் கார் பந்தயம். கணவர் விஜயதாஸின் நான்காம் எண் கார் முடித்த சுற்றுகளை, சபைக் கோயிலில் பாட்டு எண் காட்டும் பலகையை இரவல் வாங்கி வந்து லீலாபாய் காட்டிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தொன்றை மாட்டிவிட்டுத் திரும்பினாள். விஜயதாஸ் நடந்து வந்தார், கையெல்லாம் எண்ணெய்.

"எஞ்சின் போச்சு. இனி எண்ணாண்டாம்."

பெஞ்சில் உட்கார்ந்தவருக்குச் சாயா ஊற்றினாள். நான்காம் எண் கார் கடந்து போனது.

"அப்போ ஓட்டுயது ஆராக்கும்?"

அவர் சாயாவை ஊதிக் குடித்தார். அவள் நாற்பத்திரண்டை மாட்டினாள்.

மாலையில் அந்தக் கார்தான் ஜெயித்தது. கழுத்தில் மாலையோடு விஜயதாஸ் இறங்கி வந்தார்.

"லீலா, சாயா உண்டா?"

பெஞ்சில் இருந்த விஜயதாஸ் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்.