பாட்டை நிறுத்து!

“இவ இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு இன்னைக்கே முடிவு பண்ணுங்க மேடம்!”

வார்டன் கனகலட்சுமிக்கு முன்னால் நின்று மாரிசெல்வி கத்தினாள். கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன.

“இன்னாடி, காலங்காத்தால?”

“நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து அக்கடான்னு படுக்கோம். படுத்த உடனே இந்த ஷெர்லின் போன்ல பாட்டைப் போட்டுருதா. அதுவும் என் தலமாட்டுல வச்சு! மனுஷியத் தூங்கவே விட மாட்டுக்கா.”

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்குக் காண்ட்ராக்டில் வந்த பெண்கள் தங்கும் ஹாஸ்டல் அது. இரவெல்லாம் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டுப் பகலில் தூங்குகிற ஜென்மங்கள். அவர்களிடம் போய்ப் பாட்டு போட்டால் கோபம் வராதா?

அதுவும் நல்ல பாட்டா? குத்துப்பாட்டு ஓடும். அது முடிந்தால் சிமெண்ட் விளம்பரம். அதுவும் இல்லையென்றால் டிவியில் யாரோ நாலு பேர் போடுகிற அரசியல் சண்டை. எதுவாக இருந்தாலும் ஷெர்லினுக்குச் சரி, சத்தமாக ஓட வேண்டும்.

மாரிசெல்விக்குத் தூக்கம்தான் சோறு. பிரஸ் மெஷினில் கொஞ்சம் அசந்தால் விரல் போய்விடும். ஏற்கெனவே லைனில் தலை ஆடியதைப் பார்த்துவிட்ட சூப்பர்வைசர், “இன்னொரு தரம் ஆடினா ஊருக்குப் பஸ் ஏறிடு” என்று சொல்லிவிட்டான்.

ஊருக்குப் போய் என்ன செய்வாள்? கோவில்பட்டிப் பக்கம் அம்மாவிடம் விட்டுவந்திருக்கும் மகனுக்கு இவள் அனுப்பினால்தான் பால். புருஷன் எங்கே போனான் என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். காண்ட்ராக்டர் லோகேஷ் கல்யாணமாகாத பெண்களைத்தான் வேலைக்கு எடுப்பான். அதனால் கல்யாணமே ஆகவில்லை என்று பொய் சொல்லிச் சேர்ந்தவள் மாரிசெல்வி. இங்கே ஈ காக்காய்க்குக்கூட அது தெரியாது.

சத்தம் தாங்காமல் மெடிக்கல் ஷாப்பில் அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்க ஆரம்பித்தாள். முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு. தூக்கம் வந்தது. எழுந்தால் தலை பாறாங்கல்லாய்க் கனத்தது. ஆனால் இவள் மாத்திரையைக் கூட்டக் கூட்ட, அவள் சத்தத்தையும் கூட்டினாள். என்ன ஒரு கொழுப்பு!

கனகலட்சுமி ஷெர்லினைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

“ஏம்மா, ஒங்கிட்ட இயர்போன் இல்லியா?”

“உண்டு மேடம்.”

“அப்புறம் இன்னாத்துக்கு ஊருக்கே போட்டுக் காட்டிகினு கீற?”

ஷெர்லின் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். நாகர்கோவில்காரி, சாதாரணமாக வாய் ஓயாதவள்.

“நீயும்தான் தூங்கறதில்ல போல. மூஞ்சி பேயறைஞ்ச மாரி கீது. கெட்ட கனவு எதுனா வருதா? அதான் பயந்துகினு பாட்டு போடுறியா?”

ஷெர்லின் வாய் திறப்பதற்குள் மாரிசெல்வி முந்திக்கொண்டாள்.

“கனவு கண்டா பாட்டா போடணும்? என்னையப் பாருங்க மேடம், எனக்குக் கனவே வராது. படுத்தா கட்டைதான்!”

ஷெர்லின் நிமிர்ந்து அவளை ஒரு தரம் பார்த்தாள். திரும்பத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“கடைசியா கேக்கறேன். பாட்ட நிறுத்துவியா, மாட்டியா?”

“முடியாது மேடம்.”

“அப்ப ரூமைக் காலி பண்ணு.”

அதே ரூமில் இருக்கும் அன்னக்கிளிக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தடுக்கவில்லை. அவளுக்கும் தூக்கம் வேண்டுமே!

ஷெர்லின் பக்கத்து ஊரான படப்பையில் தெரிந்தவர்கள் வீட்டுக்குக் கிளம்பினாள். ஷேர் ஆட்டோவில் பையைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

“மக்ளே, அந்த மாத்திரைய மட்டும் இனி போடாத, கேட்டியா?”

“ஒங்க சோலியப் பாத்துட்டுப் போங்க!”

‘போகும்போது புத்திமதி வேற. வெக்கங்கெட்டவ’ என்று முணுமுணுத்துக்கொண்டே மாரிசெல்வி கதவைச் சாத்தினாள்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது அறை அவ்வளவு அமைதி. ஃபேன் ஓடுவது மட்டும்தான் கேட்டது. இன்று ஆசை தீரத் தூங்கிவிட வேண்டும் என்று மாத்திரையையும் போட்டுக்கொண்டு படுத்தாள். அப்படி ஒரு தூக்கம்! அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படித் தூங்கியதில்லை.

கண் விழித்தபோது சாயங்காலம். கனகலட்சுமி கட்டிலருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அன்னக்கிளி. இருவர் முகத்திலும் சுரத்தே இல்லை.

“என்ன மேடம்?”

“நிலவன் யாருடி?”

மாரிசெல்வி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். பெற்ற மகனின் பெயரை அவள் இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

“யாரு... யாரு சொன்னா ஒங்ககிட்ட?”

“நீதான் சொன்னே. ‘நிலவா, அழாத, அம்மா லீவு போட்டு வந்துருதேன்’னு மத்தியானம் பூரா தூக்கத்துல ஒரே பொலம்பல். லோகேஷ் சாரு வேற வந்துருந்தாரு. ஜன்னலாண்ட நின்னு அத்தனையும் கேட்டுகினாரு. ஒன்ன ஊருக்கு அனுப்பச் சொல்ட்டுப் பூட்டாரு. என்னால ஒண்ணியும் பண்ண முடியாதும்மா.”

“ஐயோ மேடம், நான் தூக்கத்துல பேசவே மாட்டேன்! இத்தன மாசமா இங்கதான படுக்கேன், ஒரு நாளாச்சும் பேசிருக்கேனா? ஏட்டி அன்னக்கிளி, நீயாச்சும் சொல்லு!”

அன்னக்கிளி அழுதுவிட்டாள்.

“எனக்கு எப்படிடி தெரியும்? ஷெர்லின் அக்கா போட்ட பாட்டுல வேற எதுவும் கேட்டாத்தானே?”