மூன்றாம் ஓலை

திருத்தொண்டர் ஒல்வினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வந்தவர்களின் வரிசை, கோயில் வாசலைத் தாண்டி காபிக்கொட்டை காயப்போடும் களம்வரை நீண்டிருந்தது. மணிக்கூண்டு ஜன்னலில் ஒளிந்து நின்று பார்த்த ஒல்வின், 'இவ்வளவு பாசமா!' என்று உருகிப்போனார்.

அந்த மலையூரில் அவருடைய ஒரு வருடப் பயிற்சி முடிந்துவிட்டது. நாளை ஞாயிறு பூசையோடு விடைபெறுகிறார். அடுத்த மாதம் ஆயர் கையால் குருப்பட்டம். சின்ன வயதிலிருந்து அவர் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பதுபோல இதற்கும் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். 'இவர் குருவாவதற்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்' என்பார்கள், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இந்த முறை இரண்டாம் ஓலை முடிந்த கையோடு, 'நாங்க பேசணும்' என்று ஊரே ஆயருக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. அதைக் கேட்டுப் போகத்தான் ஆயரின் ஆள், மொன்சிஞ்ஞோர் அரிஸ்தீதெஸ், வந்து உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் பங்குச் சாமியார் எவுசேபியோ, ஒல்வினைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எல்லாரும் நல்லபடியா சொன்னாங்களா சாமி?"

"நல்லபடியான்னு சொல்ல முடியாது தம்பி. நீ குடிக்கிறியாம்."

"நானா? பூசைத் திராட்சரசம் ஒரு முழுங்கு உள்ள போனாலே எனக்கு மூஞ்சி செவந்துபோவுது!"

"சேவல் சண்டையில பந்தயம் வேற கட்டுறியாம். பவுஸ்தோ சொன்னாரு."

"பவுஸ்தோ அண்ணனா? அவரே வாயத் தொறந்து சொன்னாரா?"

"சேவலையும் கூட்டிட்டு வந்திருந்தாரு."

ஒல்வின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டபோது, அந்த பவுஸ்தோவின் அம்மாவுக்குக் குழி வெட்டியதே இவர்தான். உள்ளங்கை காய்ப்பு இன்னும் போகவில்லை.

"காந்திதா அக்கா எனக்காக ஒரு வார்த்தை பேசியிருப்பாங்களே?" கோயில் சமையற்கட்டு காந்திதாவின் ராஜ்யம். ஒரு வருடமாக இவருக்குப் பெற்ற பிள்ளைக்குப் போடுவதுபோலச் சோறு போட்டவள்.

"அந்தம்மாதான் வரிசையில மொத ஆளு. நீ சரியான சோம்பேறியாம். ஜெபம் சொல்லாமலே தட்டுல கைய வைக்கிறியாம்."

"அப்ப என் பட்டம்?"

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் மொன்சிஞ்ஞோர் சொல்லுவாரு."

அன்றிரவு ஒல்வின் தூங்கவில்லை. ஊருக்கு என்ன கெடுதல் செய்தோம் என்று புரண்டு புரண்டு யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் காலையில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு அப்படி ஒரு கூட்டம். கிறிஸ்துமஸுக்குக்கூட அந்த ஊரில் இத்தனை பேர் தங்கள் பாவத்தை நினைத்துப் பார்த்ததில்லை. நேற்று நின்ற அதே ஆட்கள்தான் கிட்டத்தட்ட அதே வரிசையில் நின்றார்கள்.

எல்லோருடைய பாவத்தையும் கேட்டு முடித்து வெளியே வந்த எவுசேபியோ சாமியார், கைக்குட்டையால் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டிருந்தார். முகம் சிவந்து தோள் குலுங்கியது.

"என்ன சாமி, இன்னும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"உள்ள கேட்டத வெளிய சொல்லக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? போ, போயி அங்கிய மாட்டு."

நமக்காகச் சாமி அழுகிறார் என்று ஒல்வின் எடுத்துக்கொண்டார். அதற்குமேல் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மூன்றாம் ஓலை வாசித்து, பூசையும் முடிந்தது. விடைபெறுவதற்கென்று அவர் தயாரித்து வைத்திருந்த உரை நீளமானது. எழுந்து நின்றபோது அதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

"என்னால யாரு மனசாவது நொந்திருந்தா மன்னிச்சிருங்க. நான் கெளம்புறேன்."

கோயிலே ஓவென்று அழுதது. பவுஸ்தோ மூக்கைச் சிந்திய சத்தத்தில் ஒரு கைக்குழந்தை விழித்துக்கொண்டது. ஒல்வினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதுகில் குத்துவதும் இவர்களே, ஒப்பாரி வைப்பதும் இவர்களே!

போதாக்குறைக்குச் சமையற்கட்டில் அடுப்பே மூட்டவில்லை. கிணறு வெட்ட வந்தவன் ஊருக்குத் திரும்பினாலும், வாழையிலையில் கட்டி அவித்த நாகாதமால் என்ற சோளமாவுக் கொழுக்கட்டை இரண்டைக் கையில் கொடுக்காமல் அனுப்பாத ஊர் அது. தனக்கு அதுகூட இல்லையென்று நினைத்தபோது, பட்டத்துக்குக் கலங்கியதைவிட அதிகமாகக் கண் கலங்கியது.

மொன்சிஞ்ஞோர் எழுந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அழுதுகொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கிவிட்டது.

"நேத்து நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். குடி, சூது, சோம்பேறித்தனம். இப்படிப்பட்டவருக்கு இப்ப பட்டம் குடுக்க முடியாது. ஒரு வருஷம் தள்ளி வைக்கத்தான் வேணும்."

ஒல்வின் பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அதுவரைக்கும் இவர எங்க போடுறதுன்னுதான் எனக்குப் புரியல," என்று மொன்சிஞ்ஞோர் பெருமூச்சு விட்டார். "இந்த லட்சணத்துல இருக்கிறவர எந்தப் பங்கு சேத்துக்கும்?"

முதல் பெஞ்சிலிருந்து காந்திதா எழுந்தாள். சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொம்பப் பெரிய மனசு பண்ணுகிறவளைப்போலச் சொன்னாள்.

"இங்கயே விட்டுட்டுப் போங்க சாமி... நாங்களே பாத்துத் திருத்திக்கிறோம்!"